நான்கரை மணிக்குள் வாங்கிய ஸ்பீக்கர்

என் மகள் பேசத் தாமதிப்பது எங்கள் வீட்டு டிவி சத்தத்தாலா, அல்லது என்னாலா? இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. பதில் தெரியாமலேயே, அதற்காக ஒரு ஸ்பீக்கர் வாங்கிவிட்டேன்.

அப்போது அவளுக்கு இரண்டு வயது நான்கு மாதம். நான்கு வார்த்தைகள் சொல்வாள்: பால், போ, தா, ம்மா. அதிலும் 'ம்மா' என்னைக் கூப்பிடுவதா, மாட்டைப் பார்த்துச் சொல்வதா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அடையாறில் ஒரு மருத்துவமனையில் காதைப் பரிசோதித்து, காது நன்றாக இருக்கிறது என்றார்கள். பக்கத்து அறையில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒருவர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். மகளோடு தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் விளையாடிவிட்டு என்னிடம் கேட்டார்:

"வீட்ல டிவி ஓடுமா?"

"கொஞ்ச நேரம்."

"எவ்ளோ நேரம்னு சொல்லுங்க. திட்ட மாட்டேன்."

"சாயங்காலம் மட்டும்."

அது பொய். அவர் எழுதிக்கொண்டார். "குழந்தைக்கு உங்க குரல் தனியா கேக்கணும். பின்னாடி வேற குரல் ஓடிட்டிருந்தா நமக்குப் பிரிச்சுக் கேக்கத் தெரியும். அவங்களுக்கு இன்னும் தெரியாது. நீங்க பேசும்போது டிவி ஆஃப்ல இருக்கட்டும். அது போதும், இப்போதைக்கு."

அது போதும் என்று அவர் சுலபமாகச் சொன்னார். ஆட்டோவில் மயிலாப்பூர் வந்து சேரும்வரை அந்த 'போதும்' என்ற சொல்லைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் முதல் திருப்பத்திலேயே எங்கள் டிவி கேட்டது. செய்தி வாசிக்கும் பெண்ணின் குரல். நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி.

வீடு என் மாமனாருடையது. ஒரு ஹால், இரண்டு சின்னப் படுக்கையறைகள், ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய சமையலறை. எந்த அறைக்குப் போவதானாலும் ஹால் வழியாகத்தான் போக வேண்டும். ஹாலில் மாமாவின் நாற்காலி, அதற்கு நேர் எதிரே டிவி. அத்தை, என் மாமியார், இறந்துபோன பிறகு அந்த டிவி அணைந்து நான் பார்த்ததில்லை. மகள் பிறப்பதற்கு முந்தின வருடம் அத்தை போனார். அதாவது, என் மகள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்குப் பின்னால் யாரோ பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

மாமா கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது. கீரை ஆய்ந்து தருவார். நான் குளிக்கப் போனால் குழந்தையைப் பார்த்துக்கொள்வார். ஒரு நாளும் சாப்பாட்டில் குறை சொன்னதில்லை. அச்சகத்தில் பெரிய இயந்திரங்களுக்கு நடுவே முப்பது வருடத்துக்கு மேல் நின்று வேலை பார்த்தவர். காது மந்தம் என்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். "இந்தப் புது டிவில எல்லாரும் முணுமுணுக்கறாங்க. பழைய பெட்டில எவ்ளோ நல்லா கேக்கும்" என்பார். அதில் பாதி உண்மை. மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோதான் இருக்கிறது. குரல் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. மீதிப் பாதியை ஒருமுறை என் கணவர் சொல்லிப் பார்த்தார். "காதை ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாம்ப்பா."

"ஏன், நீ கூப்பிட்டா நான் திரும்பலையா?"

அன்று முழுவதும் யார் என்ன சொன்னாலும் முதல் தடவையிலேயே தலையாட்டினார். கேட்டுவிட்டுத்தான் ஆட்டினாரா என்பது வேறு விஷயம்.

ஹெட்போன் வாங்கித் தரலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். வாங்கினோம். ஒரே நாள் போட்டுக்கொண்டார். அன்று நான் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போயிருந்தேன். வந்து பார்த்தால் மகள் அவர் காலடியில் அழுதுகொண்டிருக்கிறாள், அவர் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் ஹெட்போனைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்தார். "பாப்பா கூப்பிட்டா கேக்காதும்மா இதுல. வேணாம்."

நேராகச் சொல்லியிருக்கலாமே என்றும் நினைப்பீர்கள். அதையும் ஒரு விதத்தில் செய்து பார்த்தேன். ஒரு மத்தியானம், "மாமா, தலைவலி, கொஞ்சம் குறைச்சு வைக்கறீங்களா" என்றேன். உடனே சத்தத்தை முழுவதும் நிறுத்திவிட்டார். படத்தை மட்டும் பார்த்தார். திரையின் அடியில் ஓடும் வரிகளை உதடு அசையப் படித்துக்கொண்டு மாலை ஐந்து மணிவரை அப்படியே உட்கார்ந்திருந்தார். குழந்தையோடு பேச எனக்குக் கிடைத்த முதல் அமைதியான மத்தியானம் அது. எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. கடைசியில் நானே போய் ரிமோட்டை எடுத்துச் சத்தம் வைத்தேன். "தலைவலி போயிடுச்சா?" என்று கேட்டார். போய்விட்டது என்றேன்.

அதனால், அவராகவே ஒரு நாள், "நல்ல ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கி மாட்டினா தெளிவா கேக்கும், இவ்ளோ சத்தம் வைக்க வேணாம்" என்றபோது, எனக்கு மூச்சு விட இடம் கிடைத்தது போலிருந்தது. யாரையும் புண்படுத்தாமல் வெளியே வர ஒரு வழி. தெளிவாகக் கேட்டால் குறைவாக வைப்பார். குறைவாக வைத்தால் என் குரல் என் மகளுக்குக் கேட்கும்.

"நீதானேம்மா ஈ.சி.ஈ. படிச்சவ. நீயே பாத்து எடு" என்றார் மாமா.

ஈ.சி.ஈ., அதாவது மின்னணுப் பொறியியல், படித்தது உண்மை. படித்து முடித்து ஐந்து வருடம் மென்பொருள் சோதித்தேன், பிரசவத்தோடு அதையும் விட்டேன். ஒரு ஸ்பீக்கரைக்கூட நான் திறந்து பார்த்ததில்லை. டெசிபல் என்பது தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு வந்த ஒரு சூத்திரம். ஆனாலும் குழந்தை தூங்கும் நேரங்களில், கதவைச் சாத்திவிட்டுப் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து படித்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் டிவியில் பட்டிமன்றம் ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் எல்லோரையும் போல வாட்ஸைத்தான் பார்த்தேன். வாட்ஸ் குறைந்தால் சத்தம் குறையும், குழந்தைக்கு நல்லது என்று சின்னதாகத் தேடினேன். அது தவறு. பெட்டியில் பெரிதாக அச்சடிக்கும் எண், ஒரு கண நேரம் மட்டும் தாங்கக்கூடிய உச்சம். பி.எம்.பி.ஓ. என்று போட்டிருந்தால் அதைப் படிக்கவே வேண்டாம். தொடர்ந்து எவ்வளவு தரும் என்பதை ஆர்.எம்.எஸ். என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அதுவும் இரண்டு மடங்கானால் காதுக்குக் கிடைப்பது மூன்றே டெசிபல், கவனித்தால்தான் தெரியும் வித்தியாசம். எங்கள் ஹாலுக்கு எந்த ஸ்பீக்கரும் போதும். சத்தம் எங்களுக்குப் பற்றாக்குறையாக இருந்ததே இல்லை.

அடுத்தது, ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் எத்தனை டெசிபல் என்று சொல்லும் எண். தனியாக வாங்கும் ஸ்பீக்கர்களுக்கு அது முக்கியம். மின்தடையைச் சொல்லும் ஓம்ஸ் கணக்கும் அப்படித்தான், ஆம்ப்ளிஃபையர் தனியாக இருந்தால் இரண்டும் பொருந்த வேண்டும். டிவிக்கு அடியில் வைக்கும் நீள ஸ்பீக்கரான சவுண்ட்பாரில் எல்லாம் உள்ளேயே இருப்பதால் பெட்டியில் அந்த எண்களைத் தேடி நான் வீணாக்கிய நாட்கள் இரண்டு.

எங்களுக்குத் தேவைப்பட்டது ஹெர்ட்ஸ் வரிசை. இருபதிலிருந்து இருபதாயிரம் ஹெர்ட்ஸ் வரை என்று எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது. பக்கத்தில் 'கூட்டல் கழித்தல் மூன்று டெசிபல்' என்று இல்லாவிட்டால் அதற்கு அர்த்தமே இல்லை. நடுவில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரியாது. மனிதப் பேச்சில் அ, ஆ, ஓ எல்லாம் கீழ் அலைவரிசையில், பலமாக வரும். ச, ட, த, ப ஒன்றுக்கொன்று வேறுபட்டுத் தெரியக் காரணமான உரசலும் வெடிப்பும் மேலே, இரண்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு அந்தப் பக்கம் மெல்லிசாக இருக்கிறது. இயந்திரச் சத்தத்தில் வருடக்கணக்காக இருந்த காது முதலில் இழப்பது அந்த இடத்தைத்தான். அவர்களுக்குச் சத்தம் கேட்கும், சொல் கேட்காது. முணுமுணுக்கிறார்கள் என்பார்கள். இதைப் படித்துவிட்டுக் கதவைத் திறந்து மாமாவின் தலையைப் பின்னாலிருந்து கொஞ்ச நேரம் பார்த்தேன்.

ஆகவே முடிவு செய்தேன்: குரலுக்கென்று நடுவில் தனி ஸ்பீக்கர் உள்ள சவுண்ட்பார். அதிரும் கீழ் ஒலிக்கென்று கூடவே தரும் பெரிய பேஸ் பெட்டி வேண்டாம். கடையில் கேட்டுப் பார்க்க ஒரு செய்தி வாசிப்பைப் போனில் பதிவு செய்துகொண்டேன். கேட்க வேண்டிய கேள்விகளைத் தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்தேன்.

என் கணவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு ராகு காலம். எங்கள் வீட்டில் புதுப் பொருளுக்கு அந்த நேரத்தில் பில் போடக் கூடாது. ஃப்ரிட்ஜை அப்படி வாங்கித்தான் மூன்றாம் மாதம் கம்ப்ரஸர் போனது என்பது மாமாவின் கணக்கு. சாப்பிட்டு, குழந்தையைத் தூங்க வைத்து, அவளை மாமாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பும்போதே மூன்றேகால். பனகல் பூங்காவைச் சுற்றி வண்டி நகரவில்லை. நிறுத்த இடம் தேடி, நடந்து, தி.நகர் கடைக்குள் நுழைந்தபோது நாலு பத்து.

விற்பனையாளர் எங்களைப் பார்த்ததும் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டார். தரை அதிர்ந்தது.

"எப்டி சார்? தியேட்டர் மாதிரி கீதா இல்லியா?"

"சூப்பரா இருக்கு" என்றார் என் கணவர். அவர் முகத்தில் கல்லூரிப் பையனின் சிரிப்பு.

"பாட்டு வேணாம்ங்க, செய்தி போட்டுக் காட்டுங்க. சத்தம் கம்மியா வச்சு" என்றேன்.

"நியூஸா?" அவர் என் கணவரைப் பார்த்தார். "மேடம், நியூஸ் கேக்கவா ஸ்பீக்கர் வாங்குவாங்க?"

நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்த மாடலின் பெயரைச் சொன்னேன். கணினியில் தட்டிப் பார்த்தார். இருப்பு இல்லை, புதன்கிழமை வரும். "இத எடுத்துக்கோங்க மேடம். இதுலயும் வாய்ஸ் மோடு கீது. கூட பேஸ் பெட்டி வேற. அதே தான், இன்னும் பெட்டரு."

அதே இல்லை. நடு ஸ்பீக்கர் இல்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். நாற்பதிலிருந்து இருபதாயிரம் ஹெர்ட்ஸ், பக்கத்தில் கூட்டல் கழித்தல் எதுவும் இல்லை. எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அட்டையில் எழுதியும் வைத்திருந்தேன்.

போன் அடித்தது. மாமா. பின்னால் டிவி.

"பில் போட்டாச்சா?"

"இல்ல மாமா, கேட்டுப் பாத்துட்டு..."

"என்ன?"

"கேட்டுப் பாத்துட்டுப் போடலாம்னு."

"மணி நாலு இருபதும்மா. பில்லப் போட்டுட்டு ஆற அமர கேட்டுக்கோங்களேன். பாப்பா எழுந்துட்டா, கதவையே பாத்துட்டு நிக்கறா."

என் கணவர் என்னைப் பார்த்தார். "புதன்கிழமை எனக்கு லீவு கிடைக்காது. அடுத்த ஞாயிறும் இதே கதைதான். என்ன சொல்ற?"

சரி என்றேன். நாலு இருபத்தாறுக்குப் பில் வந்தது. அதற்குப் பிறகு, சாவகாசமாக, விற்பனையாளர் என் பதிவைப் போட்டுக் காட்டினார். வாய்ஸ் மோடு. சத்தம் குறைவு. ஏசியின் இரைச்சலுக்கு அடியில் அந்தப் பெண்ணின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல வந்தது. அதே மாடலின் பெட்டி ஏற்கெனவே என் கணவரின் தோளில் இருந்தது. நல்ல நேரத்தில் போட்ட பில்லை ராகு காலத்தில் ரத்து செய்யச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "நல்லா இருக்குல்ல?" என்று என் கணவர் கேட்டதற்கு, "ம்" என்றேன்.

பேஸ் பெட்டி வைக்க ஹாலில் ஒரே இடம்தான் இருந்தது, எங்கள் படுக்கையறைச் சுவரை ஒட்டி. ப்ளக் அங்கேதான். மறுநாள் காலை கீழ்வீட்டு அம்மா மேலே வந்தார். "தப்பா நினைக்காதீங்க. நேத்திலேருந்து இவ்ளோ நேரம் எதுக்கு கிரைண்டர் ஓடுது? இட்லிக் கடை ஏதாவது ஆரம்பிக்கறீங்களா?"

அன்றைக்கே பேஸைக் கடைசிவரை குறைத்தேன், மேல் ஒலியை ஏற்றினேன். மாமாவின் நாற்காலியை ஒன்றரை அடி முன்னால் நகர்த்தி, சவுண்ட்பாரைத் திரையின் அடியிலிருந்து மேசையின் விளிம்புக்கு, அவர் முகத்தைப் பார்க்க வைத்தேன். அது வேலை செய்தது. அவரே ரிமோட்டை எடுத்துக் குறைத்தார். "இப்பதாம்மா ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியா விழுது" என்றார். எந்த எண்ணும் சொல்லித் தராத விஷயம் அது. எங்கே வைக்கிறோம் என்பது, என்ன வாங்கினோம் என்பதில் பாதியைச் சரிக்கட்டிவிடுகிறது. மூன்று நாள் நான் நிம்மதியாகச் சமைத்தேன்.

அதுவரை மாமா சொல் புரியாமல் மத்தியானங்களில் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார் என்பதையும், அந்த ஒரு மணி நேரத்தில்தான் நான் சத்தத்தைக் குறைத்துவிட்டு மகளோடு கொஞ்சம் பேசி வந்தேன் என்பதையும் நான்காம் நாள்தான் கவனித்தேன். இப்போது அவர் தூங்குவதில்லை. காலை சுப்ரபாதம், பிறகு உபன்யாசம், செய்தி, விவாதம், மறுபடி செய்தி. சத்தம் முன்பைவிடக் குறைவு. ஆனால் ஓய்வே இல்லை. நான் மகளைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போக ஆரம்பித்தேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, அவள் முகத்துக்கு நேரே, "காக்கா பாரு, காக்கா" என்பேன். தெருவில் பழைய பேப்பர் வண்டிக்காரரின் ஒலிபெருக்கி, பதிவு செய்த குரலில், இரும்புக்கும் ஈயத்துக்கும் கூவிக்கொண்டு போகும். வெயில் ஏறியதும் கீழே வந்துவிடுவோம். போக வேறு இடம் இல்லை.

இரண்டாவது வாரம் அது நடந்தது. மாலைச் செய்தி தொடங்கியது. என் மகள் டிவி முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் சேர்த்து, "அக்கம்" என்றாள். செய்தி வாசிக்கும் பெண் சொன்ன வணக்கம்.

மாமா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "கேட்டியாம்மா? வணக்கம்கறா. தெளிவா கேட்டாத்தானே குழந்தை பேசும், நான் சொல்லல? ஸ்பீக்கர் வந்து ரெண்டு வாரத்துல பேசிட்டா." என் கணவரை அழைத்துச் சொன்னார். தன் தங்கையை அழைத்துச் சொன்னார். கீழ்வீட்டு அம்மாவிடம் படியிறங்கிப் போய்ச் சொன்னார். கண் கலங்கியிருந்தது. நானும் அழுதேன், ஐந்தாவது வார்த்தை அல்லவா.

அன்றிலிருந்து ஒவ்வொரு செய்திக்கும் அவளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துகிறார். அவளும் சொல்கிறாள். திரைக்கு மட்டும்தான் சொல்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வதில்லை. என்னிடம், நான் கை கூப்பிக் கெஞ்சினாலும், சொல்வதில்லை.

அடையாறுக்கு மறுபடி போனபோது இந்த முறை உண்மையைச் சொன்னேன். காலையிலிருந்து இரவுவரை ஓடுகிறது என்றேன். அந்தப் பெண் சொன்னபடியே திட்டவில்லை. "வார்த்தை வந்தது நல்லதுதான். ஆனா அவ யாருக்காவது பதிலா அதைச் சொல்றாளா?" இல்லை என்றேன். "அடுத்த மாசம் தாத்தாவையும் கூட்டிட்டு வாங்க. அவருக்கும் எப்படி விளையாடணும்னு காட்டறேன். அவர்தானே பகல் பூரா கூட இருக்கார்?" பிறகு, நான் கேட்காமலேயே, "அவருக்கும் வேணா அப்படியே காது பாத்துடலாம். அடுத்த ரூம்தான்" என்றார்.

அந்த நாளுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. மாமாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. குழந்தைக்கு டிவி ஆகாது என்று சொன்னால் அவர் மறுக்க மாட்டார், அதுதான் எனக்குப் பயம். அந்த நிமிடமே அணைத்துவிட்டு, அடியில் ஓடும் வரிகள்கூட இல்லாத கறுப்புத் திரையைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். ஸ்பீக்கரால்தான் பேசினாள் என்று ஊரெல்லாம் சொன்னவர் அவர். அந்தப் பெருமையை அவர் கையிலிருந்து பிடுங்க வேண்டும். காது பார்க்கலாம் என்றால், கூப்பிட்டால் நான் திரும்பலையா என்பார். எதுவும் சொல்லாமல், குழந்தைக்காக என்று ஏமாற்றிக் கூட்டிப்போய் அடுத்த அறைக்குள் விடுவதும் சரியாகப் படவில்லை. சும்மா இருந்தால் மகளுக்கு இரண்டரை வயது முடிந்துவிடும்.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது, வீட்டுப் பெரியவரைக் காதுப் பரிசோதனைக்குக் கூட்டிப் போயிருந்தால், முதல் வார்த்தையாக என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். மருமகளாக இருந்து சொன்னவர்கள் கட்டாயம் எழுதுங்கள். நானே சொல்வதா, அவர் மகன் சொல்வதா? குழந்தையைச் சொல்லிக் கேட்பதா, அவரைச் சொல்லிக் கேட்பதா? அவர் 'வேணாம்' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால் அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள், அதையும் சொல்லுங்கள்.